பயிற்சிப் பறப்பில் போர் விமானம் விழுந்தால் ஊரார் செய்ய வேண்டியவை

போர் விமானம் எங்கே விழுந்தாலும் அங்கே முதலில் போய்ச் சேர்பவர்கள் ஊர்க்காரர்கள்தான். ஆடு மேய்ப்பவர், களை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள். மீட்பு ஹெலிகாப்டர் கிளம்பி இடத்தைக் கண்டுபிடித்து இறங்குவதற்குள் அரை மணி நேரம்கூட ஆகிவிடலாம். அந்த நேரத்தில் இவர்கள் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்துத்தான் விமானியின் முதுகெலும்பு தப்புவதும், விபத்தின் காரணம் தெரிய வருவதும் இருக்கிறது.

நான் இந்திய விமானப் படையில் வெப்பன் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் மிக்-21 போர் விமானப் படைப்பிரிவுகளில் வேலை. குண்டும் பீரங்கியும் மட்டுமல்ல, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் எஜெக்‌ஷன் சீட்டும் எங்கள் பொறுப்பில்தான் இருந்தது. இப்போது வசிப்பது தஞ்சாவூர் விமானப் படைத் தளத்துக்குப் பக்கத்தில். 2025 நவம்பர் 14 அன்று தாம்பரத்திலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்து, விமானி பாராசூட்டில் தப்பினார். அதன் பிறகு எங்கள் ஊர் இளைஞர்கள், 'நம் ஊரில் விழுந்தால் என்ன செய்வது?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சூலூர், தஞ்சாவூர், தாம்பரம், அரக்கோணம், உச்சிப்புளி என்று ராணுவ விமானங்கள் பறக்கும் ஊர்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

பழைய விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மிக்-21 நம் படைக்கு 1963-இல் வந்தது. அதன் வடிவமைப்பு 1950-களைச் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடை கொடுத்தார்கள். ஒரே ஒரு எஞ்சின், சிறிய முக்கோண இறக்கை. தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். தாழ்வான உயரத்தில் எஞ்சின் நின்றுபோனால் விமானிக்கு முடிவெடுக்கக் கிடைப்பது சில விநாடிகள்தான். 2008-இல் ஹாக் பயிற்சி விமானங்கள் வரும்வரை, கிரண் விமானத்தில் பழகிய இளைஞர்கள் பலர் அடுத்ததாக ஏறியது இதில்தான். அசாமின் தேஜ்பூரில் அதற்கென்றே ஒரு பயிற்சிப் பிரிவு இருந்தது. 'பறக்கும் சவப்பெட்டி' என்று செய்திகளில் எழுதினார்கள். அந்தப் பெயரை நான் வெறுக்கிறேன். இரவு பகலாக அதைப் பராமரித்தவர்களையும், தெரிந்தே அதில் ஏறிய பிள்ளைகளையும் அது ஒரே சொல்லில் இழிவுபடுத்திவிடுகிறது. ஆனால் தவறுக்கு இடம் கொடுக்காத விமானம் அது என்பதை நானும் மறுக்கமாட்டேன். 2022 ஜூலை 28 இரவு, உத்தர்லாய் தளத்திலிருந்து பயிற்சிக்குப் போன இரட்டை இருக்கை மிக்-21 பார்மர் அருகே விழுந்து விங் கமாண்டர் ராணாவும் ஃபிளைட் லெப்டினன்ட் அத்விதீய பாலும் இறந்தார்கள். மிக்-21 ஓய்வு பெற்றதோடு கதை முடிந்துவிடவில்லை. 1979 முதல் நம்மிடம் இருக்கும் ஜாகுவார் இன்னும் பறக்கிறது. 2025 ஜூலை 9 அன்று ராஜஸ்தானின் சூரு மாவட்டத்தில் ஒரு பயிற்சி ஜாகுவார் விழுந்து அதிலிருந்த இருவருமே இறந்தார்கள்.

விமானத்தைப் பாருங்கள், பிறகு பாராசூட்டை

வானத்தில் பாராசூட் விரிந்தால் எல்லோருடைய கண்ணும் அதன் மேல் போகும். அதே நேரத்தில் விமானம் ஆளில்லாமல் வந்துகொண்டிருக்கும். 2023 மே 8 காலை சூரத்கர் தளத்திலிருந்து வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பிய மிக்-21-இல் கோளாறு ஏற்பட்டது. விமானி வெளியேறி, சிறு காயங்களோடு பிழைத்தார். விமானமோ ஹனுமான்கர் மாவட்டத்தின் பஹ்லோல் நகர் கிராமத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. மூன்று பெண்கள் இறந்தார்கள். ஆகவே முதலில் விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் பக்கம் வந்தால், அது வரும் கோட்டுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் ஓடுங்கள். விழுந்த பிறகும் துண்டுகளும் எரிபொருளும் அதே திசையில் வெகுதூரம் சிதறிப் போகும் என்பதால், அது போகும் திசையிலேயே ஓடக் கூடாது.

பிறகு பாராசூட்டுகளை எண்ணுங்கள். பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் இரண்டு பேர் இருப்பார்கள். எத்தனை பாராசூட் விரிந்தது, எந்தத் தோப்புக்கு அப்பால் இறங்கியது என்பதை அங்கிருந்தே சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். ஒன்றுதான் தெரிந்தது என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள். இன்னொருவரைத் தேட வேண்டும் என்று அப்போதுதான் மீட்புக் குழுவுக்குத் தெரியும்.

போனில் என்ன சொல்வது

112-க்கு அழையுங்கள். கிராமம், வட்டம், பக்கத்தில் இருக்கும் பெரிய அடையாளம், தீயணைப்பு வண்டி வரக்கூடிய சாலை எது, தீ இருக்கிறதா, வீடுகள் மேல் விழுந்ததா, எத்தனை பாராசூட் என்ற வரிசையில் சொல்லுங்கள். விழுந்தது போர் விமானம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டவுடன் காவல் கட்டுப்பாட்டு அறை அருகிலுள்ள விமானப் படைத் தளத்துக்குத் தகவல் கொடுக்கும். போனில் இருக்கும் வரைபடத்தில் நிற்கும் இடத்தின் எண்களைப் படித்துச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. ஒருவர் பேசினால் போதும். மற்றவர்களில் இரண்டு பேர் பிரதான சாலைக்குப் போய், வருகிற வண்டிகளுக்கு வழி காட்டட்டும். ஊர் வண்டிகளையும் டிராக்டர்களையும் அந்தப் பாதையிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது

எரியும் விமானத்திலிருந்து குறைந்தது 300 மீட்டர். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். புகை உங்கள் மேல் வரக் கூடாது. எரிவது எரிபொருள் மட்டுமல்ல: ரப்பர், பெயின்ட், ஹைட்ராலிக் எண்ணெய், மின்கலம் எல்லாம் சேர்ந்த நச்சுப் புகை அது. புதிய விமானங்களில் கார்பன் இழைகளும் எரிந்து பொடியாகும். அவை நுரையீரலுக்குள் போனால் லேசில் வெளியே வராது.

தீ அணைந்துவிட்டதே என்று கிட்டே போவதுதான் நான் மிகவும் பயப்படும் தருணம். மிக்-21-இன் சக்கர பிரேக் அழுத்தக் காற்றால் வேலை செய்யும். அதற்கான உருளைகளும் ஆக்ஸிஜன் உருளைகளும் உள்ளே இருக்கும். சூடான டயர் வெடித்தால் அதன் விளிம்பு ஆளை வெட்டும். பயிற்சிப் பறப்பில் குண்டு இருக்காது என்று நினைக்காதீர்கள். சுடுகளத்துக்குப் போகும் பயிற்சியில் பீரங்கித் தோட்டாக்களும் பயிற்சிக் குண்டுகளும் இருக்கும். உருளை வடிவில் எதைக் கண்டாலும், அது வெறும் எண்ணெய்த் தொட்டியாகவே இருந்தாலும், குண்டு என்றே வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு தூரம் விலகுங்கள்.

விமான எரிபொருள் மண்ணெண்ணெய் போன்றது. வாய்க்காலில் இறங்கினால் அடுத்த ஊர்வரை போகும். பக்கத்துப் பம்ப்செட் மோட்டாரை நிறுத்துங்கள். ஆடு மாடுகளை அந்தத் தண்ணீரின் பக்கம் விடாதீர்கள். கிணற்றில் வாடை வந்தால் அதிகாரிகள் சோதித்துச் சொல்லும்வரை அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம்.

பாராசூட்டில் இறங்கியவர்

சீட்டுக்கு அடியில் இருக்கும் வெடிமருந்து, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் விமானியை மேலே எறிகிறது. அந்த உதையில் முதுகுத் தண்டின் எலும்புகள் நசுங்கிப் போவது சாதாரணம். எழுந்து நடப்பார், சிரிப்பார், 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார். நம்பாதீர்கள். முதுகில் முறிவோடு நடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை அசையாமல் ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், முகக் கண்ணாடியை மேலே தூக்கி, ஆக்ஸிஜன் முகமூடியை மட்டும் விலக்கினால் போதும். மூச்சு இல்லை என்றால்தான் ஹெல்மெட்டைத் தொட வேண்டும். அப்போதும் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் மெதுவாக எடுக்க வேண்டும்.

தண்ணீர் கொடுக்கக் கை துடிக்கும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தே பழகியவர்கள் நாம். ஆனாலும் கொடுக்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். உதட்டை மட்டும் நனைக்கலாம். டூவீலரில் நடுவில் உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். தீயோ வெள்ளமோ நெருங்கினால் தவிர அவரை நகர்த்தவே வேண்டாம். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், கதவுப் பலகையோ கட்டிலோ கொண்டு வந்து, நான்கைந்து பேர் சேர்ந்து உடம்பு வளையாமல் ஒரே நேரத்தில் தூக்குங்கள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது, அந்த மக்கள் வாளிகளில் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். வீட்டிலிருந்த போர்வைகளையும் கம்பளிகளையும் கொடுத்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க அவைதான் கிடைத்தன. ஸ்ட்ரெச்சர் இல்லாத இடத்தில் அதுவே பெரிய உதவி.

காற்றில் பாராசூட் மறுபடி உப்பி அவரை இழுத்துக்கொண்டு போனால், முன்னால் நின்று கயிற்றைப் பிடிக்காதீர்கள். உங்களையும் சேர்த்து இழுக்கும். துணி உப்பியிருக்கும் முனைக்குச் சுற்றிப் போய், அதன் விளிம்பைப் பிடித்து உள்பக்கமாக மடக்கினால் காற்று இறங்கிவிடும். மின்கம்பியில் சிக்கியிருந்தால் கயிறு, துணி, ஆள் எதையும் தொடக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கிட்டே போக வேண்டும். அவர் இடுப்பிலிருந்து ஒரு வாரில் பெட்டி போன்ற பை தொங்கும்; அது உயிர்காப்புப் பொருள்கள் இருக்கும் பை. அதன் கூடவோ சட்டையிலோ சிறிய வானொலிக் கருவி இருக்கும். அதன் சிக்னலைப் பின்தொடர்ந்துதான் ஹெலிகாப்டர் வரும். அணைத்துவிடாதீர்கள்.

அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள். உயிர் பிழைத்த விமானிகள் பலர் முதலில் கேட்டது, 'யார் மேலாவது விழுந்ததா?' என்றுதான். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஊகத்தைச் சொல்லி அவரை வதைக்க வேண்டாம்.

வெடிக்காத சீட்

என் தொழில் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். விமானம் தரையில் நிற்கும்போது சீட்டில் சிவப்புப் பட்டை கட்டிய பாதுகாப்பு ஊசிகள் செருகியிருக்கும். கிளம்புவதற்கு முன் அவற்றை எடுத்து, எல்லாம் வெளியே வந்துவிட்டன என்று உறுதிசெய்வோம். அப்படியென்றால், பறந்துகொண்டிருந்த விமானத்தின் சீட்டுக்குப் பூட்டு எதுவும் இல்லை. விமானி வெளியேறாமல் விமானம் விழுந்திருந்தால் அந்த வெடிமருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. நசுங்கிய உலோகம் எங்கே எதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

மிக்-21-இன் கேஎம்-1 சீட்டில், விமானியின் இரு தொடைகளுக்கு நடுவே இரட்டைக் கைப்பிடி இருக்கும். ஜாகுவார் போன்ற விமானங்களில் அந்த இடத்தில் மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட வளையம். பிடித்து இழுக்கத் தோன்றும் பொருள்கள் இவை. தொடவே கூடாதவையும் இவைதான். காக்பிட்டுக்கு மேலே குனிந்து பார்ப்பதும், அதன் மேல் கயிறு கட்டி இழுப்பதும் ஆபத்து. கண்ணாடி மூடியைப் பெயர்த்தெறியவும் தனி வெடிமருந்து உண்டு.

அப்படியானால், உள்ளே ஒருவர் உயிரோடு சிக்கியிருந்தால்? தீ இல்லை என்றால், பக்கவாட்டில் நின்று குரல் கொடுங்கள். அவர் நினைவோடு இருந்தால், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவரே சொல்வார். பெல்ட்டை அறுத்து வெளியே இழுக்கும் வேலையைத் தெரிந்தவர்களுக்கு விடுங்கள். தீ நெருங்கிக்கொண்டிருக்கிறது, வேறு யாரும் வர வழியில்லை என்றால், போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்போதும் பின்பக்கவாட்டில் போங்கள், கைப்பிடியைத் தொடாதீர்கள், உங்கள் தலையோ மார்போ அவருக்கு நேர் மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியேறியவரின் சீட் தனியாக எங்கேயாவது வயலில் விழுந்து கிடக்கும். அதில் எல்லா வெடிப்பொறிகளும் வேலை செய்து முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் மேல் பிள்ளைகள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதை அனுமதிக்காதீர்கள். இன்னொரு விஷயமும் உண்டு: அந்தச் சீட்டே ஒரு சாட்சி. கேஎம்-1 தரைமட்டத்திலும் வேலை செய்யும். ஆனால் விமானம் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்திலாவது போய்க்கொண்டிருக்க வேண்டும். மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும். விமானி பிழைக்கவில்லை என்றால், அவர் எந்த உயரத்தில், எந்த நிலையில் கைப்பிடியை இழுத்தார் என்பதைச் சீட்டின் நிலையிலிருந்துதான் தேடிப் பார்ப்பார்கள்.

துண்டுகளை எடுக்காதீர்கள்

விசாரணைக் குழு வந்து தரையில் குனிந்து தேடுவதைப் பார்த்தால் ஊராருக்கு வியப்பாக இருக்கும். பட்டாணி அளவிலான எச்சரிக்கை விளக்கு ஒன்றைக்கூட விடமாட்டார்கள். மோதும் நேரத்தில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதன் இழை சூட்டில் நீண்டு வளைந்திருக்கும். அணைந்திருந்தால் பட்டென்று முறிந்திருக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்தது என்ற எச்சரிக்கை விமானிக்கு வந்ததா இல்லையா என்று அந்த இழை சொல்லிவிடும். மீட்டர் முள் மோதலில் முகப்பில் பதித்த கீறலிலிருந்து வேகத்தைப் படிப்பார்கள். எஞ்சின் சுழன்றுகொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்பதை அதன் தகடுகள் வளைந்த விதம் காட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஓர் இறகு, பறவை மோதியதற்கு ஆதாரம்.

பழைய மிக்-21-களில் சார்ப்-12 என்ற பதிவுக் கருவி இருந்தது. உயரம், வேகம், எஞ்சின் சுழற்சி போன்றவற்றைப் புகைப்படச் சுருளில் ஒளிக்கோடுகளாக எழுதும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது திறந்து பார்த்தால், வெளிச்சம் பட்டு அத்தனையும் அழிந்துவிடும். இப்போதைய கருவிகள் வேறு வகை. ஆனாலும் பெட்டி எதைக் கண்டாலும் திறக்காமல் இருப்பதே விமானிக்குச் செய்யும் நியாயம். விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடுவது எளிது. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் துண்டு உங்கள் வீட்டு அலமாரியில் அலங்காரமாக இருந்தால், செத்தவருக்காக யார் பேசுவது?

விழுந்த இடத்தில் கிடக்கும் குவியலைவிட, அதற்கு முன்பே வழியில் உதிர்ந்த துண்டு முக்கியம். வானத்தில் முதலில் கழன்றது அதுதான். ஒரு மைல் தள்ளிக் கரும்புத் தோட்டத்தில் தகடு கிடப்பதைக் கண்டால் அப்படியே விடுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, துணி கட்டி, அளவு தெரிய ஒரு செருப்பை வைத்துப் படம் எடுத்து, போலீஸாரிடம் காட்டுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து கேட்டால் துரத்துங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள்

டீக்கடையில் நான்கு பேரோடு பேசிவிட்டால் உங்கள் நினைவு உங்களுடையதாக இருக்காது. அதற்கு முன் தனியாக உட்கார்ந்து எழுதுங்கள், அல்லது போனில் குரலாகப் பதிவுசெய்யுங்கள். எங்கே நின்றீர்கள், எந்த மரத்துக்கு மேலே முதலில் பார்த்தீர்கள், எந்தத் திசையில் போனது. சத்தம் சீராக இருந்ததா, விட்டுவிட்டு வந்ததா, 'பட் பட்' என்று வெடித்ததா, சத்தமே இல்லாமல் வந்ததா. தீ வானத்திலேயே தெரிந்ததா, தரையில் மோதிய பிறகுதானா. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் விசாரணையின் பாதி வழி தெளிவாகிவிடும். சக்கரங்கள் வெளியே தெரிந்தனவா, பறவைக் கூட்டம் இருந்ததா, புகை என்ன நிறம். 'எஞ்சின் ஃபெயிலியர்' போன்ற முடிவுகளை எழுதாதீர்கள். கண்ணும் காதும் சொன்னதை மட்டும் எழுதினால் போதும். சிசிடிவி காட்சி இருந்தால் அழியாமல் எடுத்து வையுங்கள். கோயில், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் கேளுங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு

விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் எண்ணைப் படம் பிடித்து உலகுக்கு அனுப்பாதீர்கள். அந்த எண்ணைப் பார்த்தால் எங்கள் குடியிருப்பில் இருக்கும் பெண்களுக்கு யாருடைய விமானம் என்று உடனே தெரிந்துவிடும். ஓர் அதிகாரி நேரில் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி, சமையல்கட்டில் இருக்கும் போனில் படமாக வந்து விழுவதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. இறந்தவர்களின், எரிந்தவர்களின் உடல்களை எடுக்கவே எடுக்காதீர்கள். 2025 ஜூலை 21 அன்று டாக்காவில், மிக்-21-இன் வழிவந்த சீனத் தயாரிப்பான எஃப்-7 போர் விமானம் பயிற்சிப் பறப்பில் மைல்ஸ்டோன் பள்ளியின் மேல் விழுந்து பிள்ளைகள் கருகினார்கள். அந்த விமானத்தைத் தனியாக ஓட்டிய இளம் விமானியும் இறந்தார். அங்கே திரண்ட கூட்டத்துக்கு நடுவே ஆம்புலன்ஸ்கள் வழி தேடின. கூட்டத்தில் ஒருவராகப் போய் நிற்பதைவிட ரத்தம் கொடுக்க மருத்துவமனைக்குப் போவது மேல்.

வீடும் நிலமும் இழந்தவர்கள்

போலீஸார் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியதும் உங்கள் வீட்டுக்குள்ளேயே நீங்கள் போக முடியாமல் ஆகலாம். சண்டை போடாதீர்கள். ஆனால் உரிமையை விட்டுவிடவும் வேண்டாம். வெளியிலிருந்தே சேதத்தைப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே எழுத்தில் கொடுங்கள்: வீடு, பயிர், மரம், கால்நடை, கிணறு என்று ஒவ்வொன்றாக. முதல் தகவல் அறிக்கையின் நகலையும், காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை தரும் காயச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். விமானப் படையின் விசாரணை அறிக்கை பொதுவாக வெளியே வராது; இழப்பீட்டுக்கு அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. மாவட்ட ஆட்சியர் வழியாக மனு போகட்டும். தளத்திலிருந்து வரும் அதிகாரியின் பெயர், பதவி, தொலைபேசி எண்ணைக் குறித்து வையுங்கள்.

எரிபொருள் ஊறிய மேல்மண்ணை அகற்றித் தரும்படியும் அதே மனுவில் கேளுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, அடுத்த பருவத்தில் விதை முளைக்கவில்லை என்று அலைகிறார்கள். அகற்றிய பிறகும் உழும்போது கொழுவில் உலோகம் தட்டும். சிறிய தகடாக இருந்தாலும் கையால் நெம்பாமல் மாட்டையோ டிராக்டரையோ நிறுத்திவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். புதைந்து கிடக்கும் பீரங்கித் தோட்டா எத்தனை மழை பார்த்தாலும் தோட்டாதான்.